நீதிபதி வீட்டுப் படலைக்கு வந்த தயிர்ச் சட்டி

உவர்மலை முதலியார் | ஞாயிறு, காலை 7.20

வணக்கம். நான் கிழக்கில் மூன்று நான்கு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து, முதலியாராக, அதாவது மூத்த மொழிபெயர்ப்பாளராக, ஓய்வு பெற்றவன். எங்கள் திருகோணமலைக் கருத்துக்களத்தில் நாங்கள் வழக்கமாகக் கோணேசர் கோயில் திருவிழா, தண்ணீர் வெட்டு, கொழும்பு பஸ் நேரம் என்றுதான் எழுதுவோம். இன்று வேறு விடயம், கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரம் படிக்கும் பேரனுக்குப் பாடசாலையில் விவாதப் போட்டி. நீதிபதிகள் பணக்கார நண்பர்களிடம் பரிசு வாங்கலாமா என்பது தலைப்பு. அவன் அமெரிக்கக் கதை ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தான். அங்கே நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில் கிளாரன்ஸ் தோமஸ் என்று ஒரு நீதியரசர். 1991இல் நியமனம் பெற்றவர். டெக்சாஸ் மாநிலத்துக் கோடீஸ்வரர் ஹார்லன் குரோ அவருடைய நண்பர். இருபது வருடங்களுக்கு மேலாக அநேகமாக ஆண்டுதோறும் அந்த நண்பரின் செலவில் பயணம். தனி விமானம், தனிக் கப்பல், மலையோர விடுதி. 2019இல் இந்தோனேசியத் தீவுகளுக்குப் போன ஒரு பயணத்தை மட்டும் சொந்தக் காசில் போயிருந்தால் ஐந்து லட்சம் டொலருக்கு மேல் ஆகியிருக்கும் என்று 2023 ஏப்ரலில் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் கணக்குக் காட்டியது. நீதியரசரின் தாயார் இருந்த வீட்டையும் 2014இல் அந்த நண்பர்தான் வாங்கினார். தாயார் தொடர்ந்து அதே வீட்டில் இருந்தார். இந்தப் பயணமும் வீட்டு விற்பனையும் அப்போது அவர் கொடுத்த வருடாந்த அறிக்கையில் இல்லை. நெருங்கிய நண்பரின் உபசரிப்பை அறிவிக்கத் தேவையில்லை என்றே தனக்குச் சொல்லப்பட்டிருந்தது என்பது அவர் தந்த விளக்கம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டுப் பேரன் கேட்டான், “அம்மப்பா, நீங்கள் இருந்த கோட்டிலே இப்படி ஏதும் நடந்ததா?”

நடந்தது. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

90களின் நடுப்பகுதி, யுத்த காலம். எங்கள் மாவட்ட நீதிபதி தெற்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. குடும்பம் அங்கே, அவர் இங்கே தனியாக உத்தியோக வாசஸ்தலத்தில். அப்போது ஒரு காணி வழக்கு விசாரணையில் இருந்தது. பிரதிவாதி ஊரில் பெரிய முதலாளி. தைப்பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் பியோன் வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். படலைக்கு உள்பக்கம், சீமெந்துத் திண்டில் இரண்டு தயிர்ச் சட்டி. பேப்பரால் மூடி நூல் கட்டியிருந்தது. பக்கத்தில் ஓலைப்பெட்டியில் ஓர் அறக்குளா மீன், வால் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. ஐஸ் உருகித் திண்டிலிருந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. நீதிபதி கிட்டப் போகாமல் வாசற்படியில் நின்றார். காவற்காரருக்குச் சிங்களம் தெரியாது. யார் கொண்டுவந்தது என்று கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்.

“முதலாளியின் பொடியன் வைத்துவிட்டுப் போனான். ஐயாவுக்குப் பொங்கலுக்காம்.”

நீதிபதி உள்ளே போய் ஒரு கொப்பியோடு வந்தார். திகதி, நேரம், இரண்டு சட்டி தயிர், ஒரு மீன், கொண்டுவந்தவர், எல்லாவற்றையும் எழுதினார். எனக்கு வாசித்துக் காட்டினார், நான் காவற்காரருக்குத் தமிழில் சொன்னேன், மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம். இருட்டினால் வீதியில் நடமாட முடியாது என்பதால் உடனேயே பியோனையும் என்னையும் முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பினார். சட்டி உடையாமல் இருக்க மடியில் வைத்துக்கொண்டேன். முதலாளி வீட்டு வாசலில் இறக்கி வைத்தபோது அவர் முகம் போன விதத்தை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த தவணையில், திறந்த மன்றில், இரு பக்கச் சட்டத்தரணிகளுக்கும் முன்னால் நீதிபதி அந்தக் கொப்பியை வாசித்தார். பொருள் வந்தது, திரும்பிப் போனது, யாருக்காவது இந்த வழக்கை நான் கேட்பதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். வாதியின் சட்டத்தரணி எழுந்து, ஆட்சேபம் இல்லை என்றார். நாலு மாதத்தின் பின் தீர்ப்பு வந்தது. முதலாளி வென்றார். காணி உறுதியும் நில அளவைப் படமும் அவர் பக்கம்தான் இருந்தன.

தோற்ற மனிதர் படியிறங்கும்போது என்னிடம் சொன்னது, “என்ன செய்ய ஐயா, காகிதம் அவன்ட பக்கம்.” அவ்வளவுதான். அவர் மேன்முறையீடு செய்யவில்லை. ஊரிலும் யாரும் ஒரு கதை கதைக்கவில்லை.

சரி, உங்கள் கருத்து என்ன? நண்பர் தந்தால் வாங்கலாமா? பேரனும் வாசிப்பான்.

நிலாவெளிக்காரன் | ஞாயிறு, காலை 9.05

முதலியார் ஐயா, நல்ல பதிவு. ஆனால் நான் மற்றப் பக்கத்தில் நின்று கேட்கிறேன். நடந்துகொண்டிருக்கும் வழக்கில் ஒரு தரப்பு கொடுத்ததை வாங்கக்கூடாது, அதில் சந்தேகமே இல்லை. நண்பர் என்பது வேறு அல்லவா? எங்கள் ஊரில் வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குப் போகிறோமா? ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டுபோவோம். நீதிபதிக்கும் கூடப்படித்தவன் இருப்பான், கலியாணத்துக்கு வருவான், மோதிரம் போடுவான். அதையெல்லாம் திருப்பிக் கொடு என்றால் மனிதன் எப்படி வாழ்வது? அமெரிக்க நண்பருக்கு அந்த நீதிமன்றத்தில் வழக்கே இல்லை என்கிறார்களே. வழக்கு இல்லாதவன் கொடுத்தது எப்படித் தீர்ப்பை வாங்கும்?

மூதூர்த் தவணை | ஞாயிறு, காலை 11.48

நிலாவெளித் தம்பிக்கு ஒரு வழக்காளியாகப் பதில் சொல்கிறேன். எங்கள் குடும்பக் காணி வழக்கு 17 வருடம் நடந்தது. எந்த நீதிமன்றம் என்று எழுதப் போவதில்லை. அப்பா தொடங்கினார், அவர் காலமான பிறகு நான் போனேன். மூதூரிலிருந்து முதல் பஸ். பாலங்கள் வருவதற்கு முன்பு என்றால் விடியற்காலை லோஞ்ச். தவணைக்குப் போவோம், பின்போடுவார்கள், வருவோம்.

ஒருநாள் மருமகள் முகநூலில் ஒரு கலியாணப் படத்தைக் காட்டினாள். மேடையில் மாப்பிள்ளை பொம்பிளை. பக்கத்தில் எங்கள் எதிராளியின் தமையன், அவர் தோளில் கை போட்டபடி எங்கள் வழக்கைக் கேட்கும் நீதிபதி. தமையனுக்கு எங்கள் வழக்கில் எந்தப் பங்கும் கிடையாது. அவர் வேறு ஊரில் பெரிய ஒப்பந்தக்காரர். அந்தப் படத்தில் தப்பு என்று சட்டப்படி எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த தவணையில் நீதிபதி எங்கள் சட்டத்தரணியைப் பார்த்து “சுருக்கமாகச் சொல்லுங்கள்” என்றார். முந்தியும் எத்தனையோ தரம் அப்படிச் சொன்னவர்தான். அன்று எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

கடைசியில் தோற்றோம். தீர்ப்பு சரியாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது. எனக்கு அது தெரியாமலே போய்விட்டது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். முதலியார் ஐயா சொன்ன அந்த மனிதர் “காகிதம் அவன்ட பக்கம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். எனக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று என்ன சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, பகல் 12.30

நல்ல விவாதம், தொடருங்கள். ஒரு வேண்டுகோள். இப்போது நடக்கும் வழக்குகள், பதவியில் உள்ள உள்ளூர் நீதிபதிகளின் பெயர் எதுவும் வேண்டாம். நீதிமன்ற அவமதிப்புக்கு இப்போது தனிச் சட்டமே இருக்கிறது.

கறுப்புக் கோட் | ஞாயிறு, மாலை 4.15

தம்பலகாமத்தைச் சேர்ந்த இளம் சட்டத்தரணி நான். மூதூர் ஐயா, உங்கள் பதிவை வாசித்துக் கண் கலங்கியது. நாங்கள் மன்றில் நின்று பேசுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது. பின்வாங்கில் இருப்பவர் என்ன கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று நாங்கள் யோசிப்பது குறைவு.

‘வழக்கு இல்லாதவன் கொடுத்தது எப்படித் தீர்ப்பை வாங்கும்’ என்று நிலாவெளி அண்ணா கேட்டார். 2008இல் அமெரிக்காவின் இன்னொரு நீதியரசர், சாமுவேல் அலிட்டோ, அலாஸ்காவுக்கு மீன்பிடிக்கப் போனார். போன தனி விமானம் பால் சிங்கர் என்ற முதலீட்டுக் கோடீஸ்வரருடையது. பிறகு அர்ஜென்டினா நாடு கடன் திருப்பித் தராத வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்குப் போட்டது சிங்கரின் நிறுவனத்தோடு சேர்ந்த நிதியம். 2014இல் ஏழுக்கு ஒன்று என்று அந்த நிதியத்துக்குச் சார்பாகத் தீர்ப்பு. அலிட்டோ விலகவில்லை, ஏழு பேரில் ஒருவராக இருந்தார். அந்த நிதியத்துக்கும் சிங்கருக்கும் உள்ள தொடர்பு தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்றார். அது உண்மையாகவே இருக்கட்டும். மீன்பிடிக்கப் போன நாளில் வழக்கு இல்லை, ஆறு வருடத்தில் வந்துவிட்டது. பெரிய பணம் உள்ளவருக்கு எந்த மூலையிலிருந்து எந்த வழக்கு வரும் என்று யார் சொல்ல முடியும்? இங்கேயும் அப்படித்தான். இன்று காணி, நாளை ஹோட்டல் அனுமதி, மறுநாள் மணல்.

விதிகள் என்ன சொல்கின்றன என்றும் எழுதிவிடுகிறேன். உலகம் முழுக்க நீதிபதிகளின் நடத்தை பற்றிப் பேசும்போது மேற்கோள் காட்டுவது பெங்களூர்க் கோட்பாடுகள். 2001இல் பெங்களூரில் வரைந்து, 2002இல் ஹேக் நகரில் திருத்தி முடித்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் நாட்டு நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி, ஒருங்கிணைத்தவர் நிஹால் ஜயவிக்கிரம. இரண்டு பேரும் இலங்கையர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே பெருமை வரும். கடமை தொடர்பாக நீதிபதியோ குடும்பத்தவரோ பரிசு, கடன், உதவி எதையும் கேட்கவும் கூடாது, ஏற்கவும் கூடாது என்று அதில் இருக்கிறது. நிகழ்வுக்கு ஏற்ற சிறு அடையாளப் பரிசு ஒன்றை வாங்கலாம், அதுவும் பார்ப்பவருக்குப் பக்கச்சார்பாகத் தெரியாவிட்டால் மட்டும். நீதிபதியின் கையின் கீழ் உள்ள ஊழியருக்கும் இதே தடை உண்டு.

இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல் தங்களுக்கென்று 16 நெறிகளை ஏற்றுக்கொண்டது. அதில் குடும்பத்தினர், நெருங்கிய உறவினர், நண்பர்கள் தவிர வேறு யாரிடமும் பரிசோ உபசரிப்போ ஏற்கக்கூடாது என்று ஒரு நெறி. கவனியுங்கள், ‘நண்பர்கள் தவிர’. நான் சட்டம் படித்த காலத்திலிருந்தே இந்தச் சொல் எனக்கு உறுத்தும். நண்பர் யார் என்று முடிவு செய்பவர் வாங்குபவரே. தோமஸின் நண்பர் விடயத்திலும் அப்படித்தான். அவர் நீதியரசரான பிறகு வந்த நட்பு அது.

கிண்ணியா ஆசிரியன் | ஞாயிறு, இரவு 8.40

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கறுப்புக் கோட் சகோதரி கடைசியாகச் சொன்ன இடத்தில் எனக்கு ஒரு ஹதீஸ் நினைவு வந்தது. ஸகாத் என்ற கட்டாயத் தர்மத்தை வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தந்தது என்று பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில், அதாவது பள்ளிவாசல் பிரசங்க மேடையில், ஏறி, அவர் தன் தகப்பன் வீட்டிலோ தாய் வீட்டிலோ இருந்து பார்த்திருக்கலாமே, அப்போது அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வருகிறதா என்று கேட்டார்கள். ஸஹீஹுல் புஹாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. எனக்குத் தெரிந்த அளவுகோல்களில் இதைவிட எளிமையானது இல்லை. அந்த நீதிபதி வாப்பா வீட்டுத் திண்ணையில் சும்மா இருந்திருந்தால் முதலாளியின் தயிர் படலைக்கு வந்திருக்குமா?

இன்னொன்று. நான் 26 வருடம் தமிழ் கற்பித்தவன். திருக்குறளில் பதினொராம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. ஏன் இந்த வரிசை என்று பரிமேலழகர் காரணம் சொல்கிறார். பகைவர், அயலார், நண்பர் என்ற மூன்று பகுதியாரிடமும் ஒரே மாதிரி நிற்பது நடுவுநிலைமை. ஒருவர் செய்த நன்றியை நினைக்கும்போது அது சிதைந்துபோகும் அல்லவா, அந்த இடத்திலும் சிதையக்கூடாது என்பதற்காகத்தான் இதை நன்றியின் பின்னால் வைத்தார் என்கிறார்.

இதைப் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனால் முதலியார் ஐயாவின் பதிவை வாசித்தபோதுதான் முழுதாக விளங்கியது. கெட்ட நீதிபதியை விடுங்கள், அவருக்கு வேறு மருந்து. நல்ல நீதிபதியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லவன் என்றால் நன்றி மறக்க மாட்டான். ‘உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு’ என்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்து வளர்ந்தவன். பிள்ளையின் கல்விக்குக் காசு கட்டியவனை, தாய்க்கு வீடு கொடுத்தவனை அவன் எப்படி மறப்பான்? மறந்தால் மனிதனாக அவன் குறைந்து போகிறான். மறக்காவிட்டால் நீதிபதியாகக் குறைந்து போகிறான். இலஞ்சத்துக்கு ஒரு விலை உண்டு, கணக்குத் தீர்ந்தால் தீர்ந்தது. நன்றிக்கடன் தீராது. ‘அவர் நல்லவர், பரிசுக்கெல்லாம் மயங்க மாட்டார்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இதனால்தான் பயம் வருகிறது.

கோட்டை மான் | திங்கள், காலை 6.55

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை. பரிசு, சொத்து, அறிக்கை என்ற சொற்களை இந்த நாட்டில் யார் கையில் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள்.

2012இல் திவிநெகும என்ற அபிவிருத்தித் திணைக்களச் சட்டமூலம் பற்றி உயர் நீதிமன்றம் அரசாங்கத்துக்குப் பிடிக்காத முடிவைச் சொன்னது. சில வாரத்தில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகப் பதவி நீக்கக் குற்றப்பிரேரணை. குற்றச்சாட்டுகளில் வங்கிக் கணக்குகளை அறிவிக்கவில்லை என்பது ஒன்று, ஒரு வீடு வாங்கிய விவகாரம் இன்னொன்று. அதை விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முடிவை 2013 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனாலும் பாராளுமன்றம் வாக்களித்தது, ஜனாதிபதி நீக்கினார். 2015 ஜனவரியில் அந்த நீக்கமே செல்லுபடியாகாது என்று ஏற்றுக்கொண்டு பதவியில் அமர்த்தினார்கள், அவர் மறுநாளே ஓய்வு பெற்றார்.

உயர் நீதிமன்ற நீதியரசரை நீக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 107ஆம் உறுப்புரைப்படி பாராளுமன்றத்தின் வாக்கில் இருக்கிறது. அப்படியான நாட்டில் நீதிபதியின் வீட்டுச் சமையலறை வரைக்கும் எட்டிப் பார்க்கும் விதி ஒன்றைச் செய்து வைத்தால், நாளைக்கு யாருக்குப் பிடிக்காத தீர்ப்பு வந்தாலும் தயிர்ச் சட்டியை எடுத்துக் காட்டுவார்கள். கிழக்கில் இருக்கும் எங்களுக்கு நீதிமன்றத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. துணிந்த நீதிபதியைப் பயமுறுத்தும் எதையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

கறுப்புக் கோட் | திங்கள், இரவு 9.10

கோட்டை மான் சொன்னது நியாயமான பயம். அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆனால் அந்த ஆயுதம் எங்கிருந்து வருகிறது? மூடி வைத்த இடத்திலிருந்து.

இங்கிலாந்தின் பிரபு வேந்தராக (லோர்ட் சான்சலர், பெரிய நீதிப் பதவி) இருந்த பிரான்சிஸ் பேக்கன் 1621இல் விழுந்த கதை எங்களுக்கு வகுப்பில் சொன்னார்கள். வழக்காளிகளிடம் பரிசு வாங்கினார் என்று குற்றச்சாட்டு. பிடித்துக் கொடுத்தவர்களில் அவருடைய அரசியல் எதிரிகளும் இருந்தார்கள். வியப்பு என்னவென்றால், முறைப்பாடு செய்த இரண்டு பேர் பரிசு கொடுத்தும் வழக்கில் தோற்றவர்கள். பரிசு என் தீர்ப்பை மாற்றவில்லை என்று பேக்கன் சொன்னது அந்த இரண்டு பேர் விடயத்தில் சரிபோலத்தான் இருக்கிறது. அப்படியும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 40,000 பவுண் தண்டம், லண்டன் கோபுரச் சிறை, இனி எந்தப் பதவியும் இல்லை. எதிரிகள் இருந்ததும் உண்மை, அவர் வாங்கியதும் உண்மை. வாங்காமல் இருந்திருந்தால், அல்லது முதலியார் ஐயாவின் நீதிபதி மாதிரி வந்த அன்றே மன்றில் சொல்லியிருந்தால், எதிரிகளின் கையில் என்ன இருந்திருக்கும்?

எங்கள் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1954ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டத்தில் நீதித்துறை அலுவலருக்குக் கொடுப்பதும் அவர் வாங்குவதும் தனிக் குற்றமாகவே இருந்தன. சொத்து, பொறுப்பு வெளிப்படுத்தும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகளையும் உள்ளடக்கியது. 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்து இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. கீழ் நீதிமன்ற நீதிபதிகளின் ஒழுக்கத்தைப் பார்ப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. பிரதம நீதியரசரும் இன்னும் இரண்டு உயர் நீதிமன்ற நீதியரசர்களும் சேர்ந்தது அது, அரசியல்வாதி யாரும் இல்லை. பரிசுப் பதிவேடு ஒன்று வைப்பதென்றால் அதை அங்கேதான் வைக்கவேண்டும் என்பது என் எண்ணம். எல்லா நீதிபதிக்கும், எல்லா வருடமும், ஒரே படிவம். ஒருவருக்கு எதிராக ஒருநாள் திடீரென்று திறக்கும் கோப்பாக அது இருக்கவே கூடாது.

சும்மா எழுதி வைத்தால் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. இவ்வளவு சத்தத்துக்குப் பிறகு 2023 நவம்பரில் ஒன்பது நீதியரசர்களும் கையெழுத்து வைத்து முதன்முதலாக ஓர் ஒழுக்கக் கோவையை வெளியிட்டார்கள். மீறினால் யாரிடம் முறையிடுவது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அதே நீதிமன்றத்தில் 1969இல் ஏப் போர்ட்டாஸ் என்ற நீதியரசர் ஒரு பணக்காரரின் அறக்கட்டளையிலிருந்து வாங்கிய 20,000 டொலருக்காகப் பதவி விலகினார். அந்தக் காசை அவர் முன்பே திருப்பிக் கொடுத்திருந்தார். ஆனால் திருப்பிக் கொடுத்ததை யாரும் அறியவில்லை. கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்து மன்றில் வாசித்ததற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

நிலாவெளிக்காரன் | திங்கள், இரவு 11.30

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். வாழைப்பழத்தைப் பற்றி இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அது மனதை அரிக்கிறது.

நான் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் ஒன்பது வருடம் இருந்தவன். எங்கே என்று கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மேலாளர் ஒரு துண்டு தருவார். ‘இந்தப் பெயருக்குப் பில் போடாதே.’ நாங்கள் கொம்ப்ளிமென்றரி என்று வவுச்சர் எழுதுவோம். அதில் காரணம் என்று ஒரு கட்டம். ‘முதலாளியின் நண்பர்’ என்று எழுதுவோம். பொலிஸ், கந்தோர், வங்கி, இன்னும் பல இடத்திலிருந்து வருவார்கள். கடல் பார்த்த அறை, இரவில் இறால், காலையில் புறாமலைத் தீவுக்குப் படகு. முதலாளி அந்த நண்பர்களோடு ஒரு தேநீர்கூடக் குடித்ததை நான் கண்டதில்லை. அநேகமான நாள் அவர் கொழும்பில் இருப்பார்.

ஒருமுறை ஒரு குடும்பம் வந்தது. துண்டில் அவர்கள் பெயரும் இருந்தது. போகும்போது அந்த மனிதர் பில் கேட்டார். இல்லை சேர், முதலாளி சொன்னவர் என்றேன். அவர் மேசையில் வைத்திருந்த விலைப்பட்டியலை எடுத்து, இரண்டு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, படகு என்று தானே கூட்டி, காசை எண்ணி வைத்துவிட்டு, ரசீது வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றார். பின்னால் பிள்ளைகள் வானில் ஏறி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் ஓடிவந்து கெஞ்சினார். அவர் சிரித்தபடி, ஆனால் கையை நீட்டிக்கொண்டே, ரசீதுக்காக நின்றார். அவர் நீதித்துறையில் இருப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பெரிய ஆள் என்று காட்டுகிறார் என்று நினைத்தேன். மூதூர் ஐயா, உங்கள் கதையை வாசித்த பிறகு அது தப்பு என்று விளங்குகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோ திருமலை | செவ்வாய், காலை 5.50

ஒரு சின்னக் கேள்வி முதலியார் ஐயா. அப்படி வெளியூரிலிருந்து வந்து தனியாக இருக்கும் நீதிபதிகள் பின்னேரத்தில் என்ன செய்வார்கள்? யாரோடு பேசுவார்கள்?

உவர்மலை முதலியார் | செவ்வாய், காலை 8.15

தம்பி, நல்ல கேள்வி. இதைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.

அந்த நீதிபதி பின்னேரத்தில் டச்சுக் குடாக் கரையில் தனியே நடப்பார். கோட்டைக்குள் இருந்து மான்கள் இறங்கி வந்தால் நின்று பார்ப்பார். கடலைக்காரரிடம் ஒரு சுருள் கடலை வாங்குவார், காசு கொடுத்து. அவ்வளவுதான் அவருடைய ஊர்த் தொடர்பு. சில வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம். புது ஊர், தெரியாத மொழி, பிள்ளைகளின் படிப்பு வேறிடத்தில். அப்படி இருப்பவரைத் தேடி யார் வருவார்கள்? மீன்காரர் வரமாட்டார், பயம். ஆசிரியர் வரமாட்டார், கூச்சம். பயமும் கூச்சமும் இல்லாமல் வருபவர் முதலாளிதான். “சேர், தனியாக இருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பாடு” என்பார். பசிக்கும் மனிதனிடம் இது எவ்வளவு பெரிய அன்பு! பரிசு இப்படித்தான் தொடங்குகிறது, கப்பலில் தொடங்குவதில்லை. நல்ல வாசஸ்தலம், கௌரவமான சம்பளம், குடும்பத்தோடு இருக்க வசதி, இவற்றைக் கொடுக்காமல் நீதிபதியிடம் துறவறத்தை மட்டும் கேட்பது அரசாங்கத்தின் பிழை. நான் இதைப் பணியில் இருந்தபோதும் சொன்னேன்.

கோட்டை மான் தம்பிக்கு: உங்கள் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் சட்டத்தைவிட அந்தக் கொப்பியை நான் அதிகம் நம்புகிறேன். யாரும் கேட்கவில்லை, எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. அவரே எழுதினார்.

பாலையூற்று மத்தியஸ்தன் | செவ்வாய், இரவு 7.35

நான் நீதிபதி இல்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபையில் ஒரு சாதாரண மத்தியஸ்தன். சம்பளம் இல்லாத வேலை. இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் படலையில் ஒரு பை தொங்குகிறது. இறால், இரண்டு கிலோ இருக்கும். மனைவி சொல்கிறாள், பக்கத்துத் தெருத் தம்பி கொண்டுவந்தானாம். சிறுவயதிலிருந்து பழக்கம், என் மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு முழுநாளும் நின்று பந்தல் போட்டவன். ஆனால் அவனுடைய வேலித் தகராறு இந்தச் சனிக்கிழமை எங்கள் சபைக்கு வருகிறது, அவன் தன் பக்க மத்தியஸ்தனாக என்னைத் தெரிவு செய்திருக்கிறான். இறால் கெட்டுப்போகும், இரவுக்குள் ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்ய?

கிண்ணியா ஆசிரியன் | செவ்வாய், இரவு 7.50

இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், ஆள் விட்டு அனுப்பவேண்டாம். பந்தல் போட்டவன் அல்லவா, முகம் பார்த்துச் சொன்னால் விளங்கும்.

கறுப்புக் கோட் | செவ்வாய், இரவு 7.58

திருப்பிக் கொடுத்ததோடு நிறுத்தாதீர்கள் அண்ணா. தவிசாளருக்குச் சொல்லுங்கள், மற்றத் தரப்புக்கும் தெரியட்டும். பந்தல் போட்டவர் என்றால் இறால் வராவிட்டாலும் நீங்கள் அந்தத் தகராறில் இருக்கலாமா என்று யோசியுங்கள்.

மூதூர்த் தவணை | செவ்வாய், இரவு 8.20

எதிர்ப்பக்கத்து வேலிக்காரன் உங்கள் படலையைப் பார்த்திருப்பான் தம்பி. கட்டாயம் பார்த்திருப்பான்.

பாலையூற்று மத்தியஸ்தன் | செவ்வாய், இரவு 10.05

போய் வந்தேன். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கோபப்பட்டான், “நான் உனக்கு இலஞ்சம் தாறனா?” என்று கேட்டான். பையை வாங்கவே இல்லை. அவன் மனைவிதான் வந்து வாங்கி உள்ளே கொண்டுபோனாள். படியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பந்தலை நான் மறக்கவில்லை, அதனால்தான் சனிக்கிழமை நான் இருக்க முடியாது என்று சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

தவிசாளருக்குப் போனில் சொல்லிவிட்டேன். வேறு ஒருவரைத் தெரிவு செய்யச் சொல்வார். வீட்டுக்கு வந்து மகளின் பழைய கொப்பி ஒன்றில் திகதி, நேரம், இறால் இரண்டு கிலோ, திருப்பிக் கொடுத்தது என்று எழுதினேன். சாட்சிக்கு மனைவி கையெழுத்து வைத்தாள்.